பிரேக் கஷாயம்

செய்தி வந்தபோது நான் மில்லில் ஒரு மோட்டாரின் அடியில் படுத்திருந்தேன். கேட்டிலிருந்து வந்த வாட்ச்மேன் குனிந்து ஏதோ சொன்னார். அந்த இரைச்சலில் அவர் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. வெளியே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, "இப்பச் சொல்லுங்க" என்றேன்.

"ஞானதுரை அண்ணாச்சி போயிட்டாவளாம்."

"எங்க வச்சு? கார்லயா?"

"கார்ல என்ன கார்ல. மத்தியானம் சாப்பிட்டுச் செத்த நேரம் படுத்தவிய எந்திரிக்கலையாம்."

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நிம்மதி. காரில் இல்லை. பிரேக் இல்லை, ஸ்டீயரிங் இல்லை, நான் முறுக்கிய எந்த போல்ட்டும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேலாக நான் அந்தச் செய்தியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். யார் என் பெயரைச் சொல்லி வேகமாக நடந்து வந்தாலும் அதுதான் என்று நினைப்பேன். கடைசியில் செய்தி வந்தது, நான் பயந்த வழியில் வரவில்லை. துக்கம் பிறகு வந்தது, குழாயடியில் கை கிரீஸைக் கழுவும்போது. செட்டியார்பட்டி ரோட்டில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை கை ஈரமாகவே இருந்தது.

அவரைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். சிலருக்கு அவர் பேண்டேஜ் துணிக்காரர். சிலருக்கு சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டை மட்டும் சத்தமாகப் பாடுகிறவர். பலருக்கு, ராஜபாளையத்தில் ரேஸ் கார் வைத்திருந்த ஒரே பைத்தியக்காரர். இரங்கல் போஸ்டரில் அவர் பெயருக்கு முன்னால் 'அஞ்சா நெஞ்சர்' என்று போட்டிருந்தார்கள். அது தப்பு. அவரைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அந்தப் போஸ்டரைத் திருத்தத்தான்.

முதலில் காரைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் செய்த குட்டி ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரை இல்லை. கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை, உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். இரண்டு ஹெட்லைட்டும் பானட்டின் மேலே முழித்துக்கொண்டு நிற்கும். ஊரில் அதற்குப் பெயர் தவக்களை. செங்கோட்டைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் வெள்ளைக்கார மேனேஜர் விட்டுவிட்டுப் போனது. எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சும் துணியும் கொடுத்த பழக்கத்தில் அண்ணாச்சியின் அப்பாவிடம் வந்து சேர்ந்தது. தூசி படாமல் இருக்க, விற்பனைக்குத் தேறாத பேண்டேஜ் துணியால் அண்ணாச்சி அதைச் சுற்றி வைத்திருப்பார். "என்ன அண்ணாச்சி, தவக்களைக்கு எங்க அடி?" என்று கேட்காமல் யாரும் அது நின்ற ஷெட்டைக் கடந்ததில்லை.

நான் டிப்ளமோ முடித்து மில்லில் சேர்ந்த புதிதில், கார்புரேட்டர் தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னைக் கூட்டிப் போனார்கள். அந்தக் காரில் கார்புரேட்டர் இரண்டு. இரண்டும் ஒரே அளவில் மூச்சு விட வேண்டும். ஒன்று முந்தினால் இஞ்சின் நொண்டும். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டின் சத்தத்தையும் ஒன்றாக்கிவிட்டு, "ஓட்டிப் பாருங்க" என்றேன். அவர் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அப்படியே இருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"பயமா இருக்குல."

விளையாட்டு என்று நினைத்தேன். அவர் கழுத்தில் நரம்பு துடிப்பதைப் பார்த்த பிறகுதான் இல்லை என்று தெரிந்தது. எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் பொறுமை கிடையாது. "பயமா இருந்தா வித்துற வேண்டியதுதான?" என்றேன்.

"வித்தா, வாங்குறவன் பயப்பட மாட்டானே. அவன் செத்துருவான்."

அப்போது அது எனக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது. 

சென்னைக்கு வெளியே சோழவரத்தில், யுத்த காலத்துப் பழைய விமான ஓடுதளத்தில் அப்போது ரேஸ் நடக்கும். பழைய கார்களுக்கென்று அதில் ஒரு சின்னப் பந்தயமும் உண்டு. தவக்களையை லாரியில் ஏற்றி, சுற்றிலும் பேண்டேஜ் பொதிகளை அணை கொடுத்துக் கொண்டுபோனோம். வரிசையில் நிற்கும் நேரம் வந்தபோது அண்ணாச்சியைக் காணோம். தேடினால் லாரிக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மெட்ராஸ்காரர்கள் சிரித்தார்கள். ஒருவன், "என்ன சார், ஊர்லேர்ந்து பரோட்டா கட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டான். அண்ணாச்சி வாயைத் துடைத்துக்கொண்டு, "பரோட்டா இல்ல தம்பி, பயம். உங்களுக்கும் வேணுமா?" என்றார்.

அன்றைக்கு அவர் முடித்தவர்களில் கடைசி. சிரித்தவன் முடிக்கவில்லை. கடைசி வளைவில் அவன் காரின் சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டி புரண்டு, தகர டிரம்களுக்குள் போய் விழுந்தது. ஆள் பிழைத்துக்கொண்டான். ஆனால் ஸ்ட்ரெச்சரில் அவன் கை தொங்கிய விதத்தை நான் பார்த்தேன். கை அப்படி மடங்காது. அண்ணாச்சி பார்க்கவில்லை, வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். லாரியில் திரும்பும்போது, "இம்புட்டுப் பயந்துக்கிட்டு எதுக்கு இது?" என்று கேட்டே விட்டேன்.

"இஞ்சின் சத்தம் மாதிரிதாம்ல பயமும். கேட்டுக்கிட்டே இருந்தா ஒண்ணுமில்ல. சட்டுனு நின்னு போச்சுன்னாத்தான் வண்டிய ஓரங்கட்டணும்."

விருதுநகர் தாண்டியும், லாரி டிரைவர் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் நான் முன்பலகையைப் பிடித்துக்கொண்டேன். அன்றோடு ஷெட்டில் பயப்படுகிற ஆட்கள் இரண்டு பேரானோம்.

ஊருக்கு வந்ததும் ஒரு சட்டம் போட்டார். பிரேக்கைத் தொட்டவன் பக்கத்தில் உட்கார வேண்டும். யார் பிரேக்கில் கை வைத்தாலும், அதற்குப் பிறகு முதல் ஓட்டத்தில் இடது சீட்டு அவனுக்குத்தான். பிரேக்கில் கை வைக்கிறவன் நான் ஒருவன் என்பதால் சட்டம் எனக்காகப் போட்டது என்று எனக்குப் புரிந்தது. "எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டேன். "உம்மேல இருக்குல. உன் அவசரத்து மேலதான் இல்ல" என்றார்.

அதோடு ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. காருக்கு வெளியே நின்றுகொண்டு, "ஏறலாமா?" என்பார். நான் மிதியைக் கையால் அமுக்கிப் பார்த்து, "ஏறலாம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் ஏற மாட்டார். எனக்கு எரிச்சலாக வரும். "ஏறுங்க அண்ணாச்சி, நேரமாவுது" என்றால், "அது பதில் இல்ல" என்பார்.

வத்திராயிருப்பு ரோடுதான் நாங்கள் ஓட்டிப் பார்க்கும் ரோடு. மகாராஜபுரம் பக்கம் வயலுக்கு நடுவே நேராகப் போகும். பிரேக்கில் உரசுகிற லைனிங்கைப் புதிதாகப் போட்ட ஒரு நாள், எதிரே என் பக்கத்து ஓரமாகவே ஒரு வைக்கோல் வண்டி வந்தது. அண்ணாச்சி மிதித்தார். வலது பக்கம் பிடிக்காமல் இடது பக்கம் மட்டும் பிடித்து, கார் என் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கார் எம்புட்டுத் தாழ்வு என்று உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். மாட்டின் வயிறு என் முகத்துக்கு நேராக வந்தது. வைக்கோல் காதை உரசிக்கொண்டு போனது. நின்ற பிறகு அண்ணாச்சி இஞ்சினை அணைத்தார். என்னைப் பார்த்தார். நான் இறங்கி, ரோட்டு ஓரத்திலேயே சக்கரத்தைக் கழற்றினேன். அன்றைக்கு எனக்கு அந்தச் சட்டம் புரிந்தது. இடது சீட்டில் உட்கார வேண்டும் என்று தெரிந்தவன் போல்ட்டை முறுக்குகிற விதமே வேறு.

என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பக்கம். ஆடிப்பூரத்துக்கு அண்ணாச்சி தவறாமல் வருவார். சாமி கும்பிட இல்லை. தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்க்க. அவ்வளவு பெரிய தேருக்கு முன்னால் குனிந்துகொண்டு, உருளுகிற சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்து அதைத் திருப்புவார்கள், நிறுத்துவார்கள். கை ஒரு சாண் பிசகினால் கை இருக்காது. அண்ணாச்சி கூட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிடி வலிக்கும். "அவன் கண்ணைப் பாரு. தேரைப் பாக்குறானா? கூட்டத்தைப் பாக்குறானா? சக்கரத்தை மட்டும் பாக்குறான். கட்டைய எறியல பாத்தியா, ஊட்டுறான்."

ஒரு வருஷம், பிளந்துபோன முட்டுக்கட்டை ஒன்றைத் தச்சரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அதை அளவாகச் செதுக்கி, பின்பக்கம் துளை போட்டுக் கயிறு கட்டி, பிடிக்கப் பேண்டேஜ் துணியைச் சுற்றினார். சர்ச்சை வேதக்கோயில் என்று சொல்லும் என் அம்மா வாசலில் நின்று, "வேதக்கோயில் ஆளு, தேர்க்கட்டைய வச்சு என்ன பண்ணப் போறாவ?" என்று கேட்டாள்.

"நிறுத்துறதுக்கு எந்தக் கோயில் கட்டைன்னா என்னம்மா" என்றார்.

இடது சீட்டில் இருப்பவன் மடியில் அந்தக் கட்டை இருக்க வேண்டும் என்பது அடுத்த சட்டம். ஹைட்ராலிக் பிரேக் உள்ள காரில் மடியில் கட்டையோடு போவது எனக்குக் கேவலமாக இருந்தது. சொல்லவும் செய்தேன். அவர் கேட்கவில்லை.

இனி எஸ்டேட்டில் நடந்தது. உங்களில் பலர் இதை ஒரு வேடிக்கைக் கதையாகக் கேட்டிருப்பீர்கள். வேடிக்கை அதில் கொஞ்சம்தான்.

செங்கோட்டைக்கு மேலே, அந்தக் கார் முதலில் இருந்த எஸ்டேட்டிலேயே, மலைரோட்டில் ஏறும் பந்தயம் ஒன்று வைத்தார்கள். ஒவ்வொரு காராக அடிவாரத்திலிருந்து மேலே பங்களா வரைக்கும் ஏற வேண்டும். முந்தின வாரமே நான் சக்கரங்களின் பிரேக் டிரம்களைப் பிரித்து மாட்டியிருந்தேன். கிளம்புகிற காலையில் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து மட்டம் பார்த்தேன். முன்பு குறைந்திருந்த மட்டம் நிறைந்திருந்தது. அண்ணாச்சி ஊற்றியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் ஊற்றியிருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அந்தக் காரில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் சேர்த்து ஒரே டப்பா என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஏறும்போது கார் இழுக்கவில்லை. நான் கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டேன். மேலே எஸ்டேட்காரர்கள், "ஞானதுரை, தவக்களைக்கு வயசாச்சு, இனிமே கிணத்துல விட்டுருங்க" என்று சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். ஏறுவதில் அவருக்குப் பயம் குறைவு. "ஏறும்போது நாம காரைத் தள்ளுறோம். இறங்கும்போது அது நம்மளைத் தள்ளும்" என்பார். சாப்பாடு முடிந்து, கார் பக்கத்தில் நின்று, "ஏறலாமா?" என்றார். நான் மிதியை அமுக்கினேன். கெட்டியாக இருந்தது. வழக்கத்தைவிடக் கெட்டி. "ஏறலாம்" என்றேன்.

மேகம் ரோட்டுவரை இறங்கியிருந்தது. என் பக்கம் பள்ளம். சில வளைவுகள் தாண்டியதும் வாடை வந்தது. லைனிங் கருகுகிற வாடை.

"அண்ணாச்சி, கால எடுங்க."

"கால் மேலதாம்ல இருக்கு."

குனிந்து பார்த்தேன். அவர் கால் மிதியில் இல்லை. கார் தானாகவே பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. "ஓரமா நிறுத்துங்க" என்றேன். மிதித்தார். மிதி சத்தமில்லாமல் தரைக்குப் போனது. அதுவரை உரசிக்கொண்டிருந்த பிரேக்கும் அப்போது விட்டுவிட்டது. கார் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி முன்னால் போனது. கிளட்சும் இல்லை.

அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. வெளுத்து, வாய் திறந்திருந்தது. கைகள் மட்டும் வேறு யாருடையவோ போல வேலை செய்தன. இஞ்சினை உறுமவிட்டு, கிளட்ச் இல்லாமலே, பல் கடிக்கிற சத்தத்தோடு கியரைக் கீழே இறக்கினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். சூடேறிப் பழுத்துப்போன டிரம்மில் அது பாதிதான் பிடித்தது. வேகம் குறைந்தது, ஆனால் கார் நிற்கவில்லை. அடுத்த வளைவு திரும்பினால், கீழே ரோட்டிலேயே தேயிலை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூடையோடு வரிசையாக, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஹாரனை அமுக்கினேன். அது என்றைக்குமே வேலை செய்ததில்லை.

"ஏலே, கட்டை."

கதவைத் திறந்தேன். பள்ளம் தெரிந்தது. எனக்குக் கை வரவில்லை.

"ரோட்டைப் பாக்காதல. சக்கரத்தை மட்டும் பாரு. ஊட்டு."

பின்சக்கரம் சீட்டுக்கு ஒட்டி இருக்கும். குனிந்தேன். பள்ளத்தைப் பார்க்கவில்லை, பெண்கள் கத்துவது கேட்டும் பார்க்கவில்லை. ரப்பர் சுற்றுவதை மட்டும் பார்த்தேன். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, கட்டையைச் சக்கரத்துக்கு ஊட்டினேன். முதல் தடவை தட்டிவிட்டது. இழுத்து மறுபடி ஊட்டினேன். சக்கரம் கட்டையில் ஏறியது. கார் பின்பக்கத்தை மலைப்பக்கமாக வீசி, மண்சரிவில் சாய்ந்து நின்றது. என் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிருந்தது.

பெண்கள் காரைச் சுற்றி வந்தார்கள். பிறகு ஒரு அம்மாள் கூடையை இறக்கிவைத்து, கட்டையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, "ஏலே, இது காரா தேரா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி கதவில் சாய்ந்து வாந்தி எடுத்தார்.

நான் பானட்டைத் தூக்கி டப்பாவின் மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு அடுக்கு. கீழே கலங்கல், மேலே தெளிந்த எண்ணெய். முகர்ந்து பார்த்தேன். மெஷின் எண்ணெய்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊரே அதை பிரேக் ஆயில் என்று சொன்னாலும் பிரேக்கில் ஊற்றுவது ஆயில் இல்லை. அது வேறு திரவம். உள்ளே இருக்கிற ரப்பருக்கு அந்தத் திரவம்தான் ஆகும். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப் பெருத்துவிடும். பெருத்த ரப்பர், திரவம் திரும்பிப் போகிற துளையை அடைக்கும். பிடித்த பிரேக் விடாது. உரசி உரசிச் சூடேறி, கடைசியில் ஒன்றுமே இருக்காது. இது நடக்க நாலைந்து நாள் போதும்.

"எவம்ல ஊத்துனது இதுல எண்ணெய?" என்று கத்தினேன். என்னைவிட மூத்தவர் முன்னால் அந்தச் சொல்லில் கத்தினேன். அண்ணாச்சி வந்து குனிந்து முகர்ந்தார். மூடியைக் கையில் வாங்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நாந்தாம்ல ஊத்துனேன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசியதை எடை போட வந்த அத்தனை பேரும் கேட்டார்கள். பள்ளிக்கூடம் போனீங்களா என்றுகூடக் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி. பொறவு?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.  வீட்டில் அவர் மனைவி எஸ்தர் மதினி என் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு?" என்று கேட்டபோது, "ரப்பர் போச்சுட்டி, அம்புட்டுத்தான்" என்று அண்ணாச்சி உள்ளே போய்விட்டார்.

ரப்பர் எல்லாம் மாற்றி முடித்த அன்று அவர் மூன்றாவது சட்டத்தைப் போட்டார். அவர் வீட்டிலும் ஷெட்டிலும் யாரும் பிரேக் ஆயில் என்று சொல்லக் கூடாது. பிரேக் கஷாயம் என்று சொல்ல வேண்டும்.

"கஷாயமா?"

"எண்ணென்னா யாரும் எடுத்து ஊத்திருவாவ. எண்ணெ நல்லதுதானன்னு தோணும். கஷாயம்னா, என்ன கஷாயம், யாருக்குன்னு ஒரு வார்த்தை கேப்பாவல்ல."

எனக்கு இது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. அவர் விடவில்லை. மதினி இருக்கும்போது வேண்டுமென்றே இரண்டு தடவை சொல்வார். "தம்பி, கஷாயம் பாத்தியா? கஷாயம் உன் டின்லதான இருக்கு?" உதிரிபாகக் கடையில் போய், "ஒரு டின் பிரேக் கஷாயம்" என்று கேட்பார். தெலுங்கு பேசும் கடைக்கார ராஜா, "ஏமி அண்ணாச்சி, காருக்குக் காய்ச்சலா?" என்பார். கொஞ்ச நாளில் பக்கத்து லாரி ஷெட்டில்கூடக் கஷாயம் என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அந்த ரோட்டில் சில மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. போன மாதம் வரை எனக்கும் தெரியாது.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் காலையில் எஸ்தர் மதினி ஆள் விட்டார். ஷெட்டில் தவக்களை பேண்டேஜ் சுற்றியபடி நின்றது. பக்கத்தில் தையல் பகுதி. எப்போதும் போல மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மதினி அந்தக் காரில் ஒரு நாளும் ஏறியதில்லை. அண்ணாச்சி அதை வெளியே எடுத்தால் அவர் கொல்லைப்பக்கம் போய்விடுவார். சத்தம் திரும்பி வருகிறவரை அங்கேயே நிற்பார்.

"தம்பி, இதக் கல்லறை வரைக்கும் ஓட்டுவியா?"

"பிரேக்க ஒரு தடவ பாத்துட்டு ஓட்டுறேன் மதினி."

"நானும் வாரேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த எஸ்டேட்டுக்குப் போறதுக்கு முந்தின வாரம், சாப்பிடும்போது அவிய சொன்னாவ, பிரேக் ஆயில் செத்தக் குறைஞ்சிருக்கு, மலைக்குப் போறதுக்குள்ள ஊத்தணும்னு. எனக்குச் சோறு எறங்கல. நீங்க ரெண்டு பேரும் மறந்துட்டா என்னாவும்? மறுநா நாந்தான் ஊத்துனேன். தையல் மெஷின் எண்ணெ. வீட்ல இருக்கதுலயே சுத்தமான எண்ணெ அதுதான்னு ஊத்துனேன் தம்பி."

மெஷின் ஒன்று நின்று மறுபடி ஓடியது.

"அவியகிட்ட சொன்னீங்களா?"

"அவியளுக்குத் தெரியும். வந்த அன்னைக்கு அந்த எண்ணெ டின்னைக் கையில எடுத்துப் பாத்துட்டு, இருந்த எடத்துலயே வச்சாவ. ஒரு வார்த்தை கேக்கல. நாலு நாள் கழிச்சுக் கஷாயம்னு பேர மாத்துனாவ. எனக்குத்தான் அந்தப் பேருன்னு எனக்கு வெளங்கிட்டு. நானும் ஒண்ணும் கேக்கல." கொஞ்சம் நிறுத்தி, "தொட்டவுக பக்கத்துல உட்காரணும்னு அவிய சட்டம். நான் உட்காரவே இல்லையே" என்றார்.

அன்று மலையில் நான் திட்டியதற்கு இப்போது வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் அண்ணாச்சி சிரிப்பார். யார் ஊற்றியிருந்தாலும் நான் திட்டியிருப்பேன். அது மதினி மேல் விழக் கூடாதென்றுதான் அவர் அந்த மூடியை அத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

நான் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன். பழைய திரவத்தை வெளியேற்றினேன். மதினி அலமாரியிலிருந்து டின்னை எடுத்து வந்து, மூடியைத் திறக்காமல், "கஷாயம் இதுதான?" என்று கேட்டார். வாங்கி முகர்ந்து பார்த்தேன். "இதுதான்" என்றேன். அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர்தான் ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. 

காரை வெளியே எடுத்து நிறுத்தினேன். மதினி இடது கதவுக்கு வெளியே நின்றார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். முட்டுக்கட்டையைச் சீட்டிலிருந்து கையில் எடுத்தார்.

"ஏறலாமா தம்பி?"

நான் குனிந்தேன். மிதியைக் கையால் அமுக்கினேன். நின்றது. மறுபடி அமுக்கினேன். இறங்கி, பின்சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவினேன். காய்ந்திருந்தது. திரும்பி வந்து இன்னொரு தடவை அமுக்கினேன். அத்தனை வருஷமும் எனக்கு எரிச்சல் மூட்டிய அந்தக் கேள்விக்கு எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது. மதினி அவசரப்படுத்தவில்லை. எவ்வளவு நேரமானாலும் நிற்பார் போலிருந்தது.

"ஏறலாம் மதினி."

அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்தத் தாமதம்தான். மில்லில் எந்த மெஷினின் சுவிட்சைப் போடும் முன்பும், மறுபக்கம் கை வைத்து நிற்பது யார் என்று பார்க்காமல் இப்போது என்னால் போட முடிவதில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்கிறார்கள்.  பயந்துகொண்டேதான் போடுகிறேன். கட்டையை நான் கேட்கவில்லை, அது மதினியிடம் இருக்கட்டும். கல்லறை வரைக்கும் போன அந்தத் தூரம் முழுக்க அவர் அதை மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். ரோட்டைப் பார்க்கவில்லை, கையசைத்த ஆட்களைப் பார்க்கவில்லை. கதவுக்கு மேலாக எட்டி, சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.